பித்தும் பிணியும்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதிக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்ப் பிள்ளைகளைத் திகைக்க வைக்கும் வங்கச் சொற்களுள் 'பாகல்' என்பதும் ஒன்று. தாய் தன் மகனைச் செல்லமாகக் கடிந்துகொள்ளும்போது அச்சொல் காதில் விழுகிறது. பேருந்தில் இருவர் சண்டையிடும்போதும் அதுவே விழுகிறது. தமிழில் பாகல் என்பது கசக்கும் காயைத் தரும் கொடி. வங்க மொழியிலோ அது மனம் பிறழ்ந்தவரைக் குறிக்கும். பொருள் தெரிந்த பின்னும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. அன்புக்கும் இகழ்ச்சிக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும்?

தமிழும் இவ்வகையில் வேறுபட்டதன்று. வளி, அழல், ஐயம் என்னும் மூன்றும் உடலில் சமநிலையில் இருக்க வேண்டும் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. அழலுக்குப் பித்தம் என்றும் பெயர். பித்தம் மிகுந்தால் அறிவு கலங்கும் என்று முன்னோர் கருதினர். ஆகவே 'பித்து' என்பது ஒரு வகையில் பழைய மருத்துவச் சொல். அச்சொல்லே சிவபெருமானுக்குப் 'பித்தன்' என்னும் திருப்பெயராகவும் ஆயிற்று. வங்கத்திலும் தாராபீடத்தில் வாழ்ந்த துறவியைப் 'பாமாகேபா' என்று மக்கள் வணங்கினர். 'கேபா' என்றால் பித்தன். தெருவில் தனக்குத்தானே பேசிச் செல்பவனை மட்டும் இருமொழியினரும் அப்பெயரால் வணங்குவதில்லை.

ஒருவருடைய மனநிலை நோயா, அருளா, குறும்பா, குற்றமா என்பதை முடிவுசெய்வது யார்? மருத்துவர் என்பது எளிதில் வரும் விடை. ஆனால் மருத்துவரிடம் செல்வதற்கு முன்பே வீடும் தெருவும் ஒரு முடிவைச் சொல்லிவிடுகின்றன. மருத்துவரும் அந்தத் தெருவில் வாழ்பவரே. கொல்கத்தாவின் வரலாற்றில் இதைத் தெளிவாகக் காணலாம்.

ஒரே நகரம், இரு தீர்ப்புகள்

1850களின் இறுதியில் தட்சிணேசுவரம் காளி கோயிலில் இளம் பூசகர் ஒருவர் இருந்தார். இரவில் அவருக்கு உறக்கம் இல்லை. அன்னையைக் காண வேண்டும் என்று மணிக்கணக்கில் அழுதார். பூசை முறைகளை மறந்தார். அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று கோயிலில் இருந்தவர் பலர் கூறினர். கங்காபிரசாத் சென் என்னும் புகழ்பெற்ற ஆயுர்வேத மருத்துவர் மருந்து கொடுத்தார். திருமணம் செய்துவைத்தால் சரியாகும் என்று உறவினர் எண்ணி, 1859இல் மணமும் முடித்தனர். 1861இல் பைரவி பிராமணி என்னும் பெண் துறவி அங்கு வந்தார். இது நோயன்று, பக்தியின் உச்சநிலை என்று அவர் வாதிட்டார். சாத்திரம் கற்றவர்களை அழைத்து அவை கூட்டி ஆராயும்படி செய்தார். அந்த அவை அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டது. அந்தப் பூசகரே இன்று உலகம் அறிந்த இராமகிருஷ்ண பரமஹம்சர்.

அவர் வாழ்க்கை வரலாற்றைச் சமய நோக்கில் படிப்பவர்கள் பலர். இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. அவருக்குக் கோயில் இருந்தது. ஆதரிக்கும் புரவலர் இருந்தார். அவருடைய நிலைக்கு வேறு பெயர் தரக்கூடிய மரபும் இருந்தது. இவை எதுவும் இல்லாதவர்களுக்கு அதே நகரம் வேறு வழியை வைத்திருந்தது.

அக்காலத்தில் கொல்கத்தாவே ஆங்கில ஆட்சியின் தலைநகரம். 1858இல் மனநோயர் விடுதிகள் பற்றிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அலைந்து திரியும் மனநோயரைப் பிடித்து நீதிபதியின் முன் நிறுத்தும் அதிகாரத்தை அது காவலருக்கு அளித்தது. இந்தியர்களுக்கு டல்லண்டாவில் ஒரு விடுதியும், ஐரோப்பியர்களுக்குப் பவானிபூரில் மற்றொன்றும் இருந்தன. நோய் ஒன்றானாலும் நிறத்திற்கு ஏற்ப வாயில்கள் வேறாயின.

படிவத்தில் ஒரு கட்டம்

அவ்விடுதிகளில் சேர்க்கப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்பப்பட்டது. அதில் 'பித்து ஏற்பட்ட காரணம்' என்றொரு கட்டம் உண்டு. தெருவில் கண்டெடுத்த ஒருவரின் முன்கதை காவலருக்கு எப்படித் தெரியும்? எனினும் கட்டத்தை வெறுமையாக விடுவதற்கில்லை. அவர் கஞ்சா புகைப்பதுண்டு என்று யாரேனும் சொன்னால் போதும், 'கஞ்சா' என்று எழுதப்பட்டது. விடுதியின் மருத்துவர் அதையே தம் பதிவேட்டில் படியெடுத்தார். பதிவேடுகள் ஆண்டறிக்கைகளாயின, ஆண்டறிக்கைகள் புள்ளிவிவரங்களாயின. இந்திய விடுதிகளில் உள்ளோரில் பெரும்பகுதியினரின் பித்துக்குக் கஞ்சாவே காரணம் என்பது அறிவியல் உண்மைபோல் இலண்டன் வரை பரவியது.

1893இல் இதனை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பெயர் இந்தியக் கஞ்சா மருந்துகள் ஆணையம். அது கொல்கத்தாவில் தன் பணியைத் தொடங்கி, நாடு முழுவதும் 1193 சாட்சிகளை விசாரித்தது. விடுதிப் புள்ளிவிவரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், 1892ஆம் ஆண்டில் கஞ்சாவால் வந்தது என்று எழுதப்பட்ட நோயர்களின் கதைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப விசாரித்தது. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை ஆதாரம் இன்றி நின்றன. அளவுமீறிய பழக்கம் மனத்தைக் கெடுக்கக்கூடும் என்பதை ஆணையம் மறுக்கவில்லை. விடுதிகளின் கணக்கு நம்பத்தக்கதன்று என்பதே அது கண்டது. ஊர் வாயில் பிறந்த ஒரு சொல் மருத்துவரின் கையொப்பம் பெற்று அறிவியலாக மாறிய வரலாறு இது. அந்தப் பொய்யைக் கண்டுபிடித்ததும் அறிவியல் முறைதான். கதையின் இவ்விரு பாதிகளையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

பார்சிபாகன் சந்தில் ஒரு மருத்துவர்

கிரீந்திரசேகர் போஸ் கொல்கத்தாவில் மருத்துவம் பயின்றவர். மனநோயரின் பேச்சைப் பொறுமையாகக் கேட்பதும் மருத்துவமே என்று நம்பியவர். 1921இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வு நூலை வியன்னாவில் இருந்த சிக்மண்ட் பிராய்டுக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு பல ஆண்டுகள் நீடித்தது. 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தம் இல்லத்திலேயே நிறுவினார். வடகொல்கத்தாவில் பார்சிபாகன் சந்தின் 14ஆம் எண் வீடு அது.

போஸ் பிராய்டை மதித்தார். ஆனால் அவர் சொன்ன அனைத்தையும் ஏற்கவில்லை. ஐரோப்பிய நோயரிடம் பிராய்டு கண்ட சில அச்சங்கள் தம்முடைய இந்திய நோயரிடம் அதே வடிவில் காணப்படவில்லை என்று அவருக்கு எழுதினார். குடும்பம் வேறானால் மனத்தின் முடிச்சுகளும் வேறாகலாம் என்பது அதன் கருத்து. பிராய்டு இதனை முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. எனினும் அவரது 75ஆம் பிறந்தநாளுக்குக் கொல்கத்தாச் சங்கம் அனுப்பிய தந்தத் திருமால் சிலையைத் தம் மேசையில் வைத்துக்கொண்டார்.

அதே 1931ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் மற்றொரு செய்தியும் வெளியாயிற்று. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரைப் பித்துக்கு மருந்தாக நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். பீகாரில் அதற்குப் 'பைத்தியத்தின் மருந்து' என்றே பெயர். கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு மருத்துவர்கள் அவ்வேரை நோயரிடம் பயன்படுத்திப் பார்த்து, அது கொந்தளிக்கும் மனத்தை அமைதிப்படுத்துவதையும் இரத்தக் கொதிப்பைக் குறைப்பதையும் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர். மேலை உலகம் இருபது ஆண்டுகள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் அவ்வேரிலிருந்து 'ரெசெர்பின்' பிரித்தெடுக்கப்பட்டது. 1954இல் அமெரிக்க மருத்துவர் நேதன் கிளைன் அதன் பயனை அறிவித்தபோதுதான் உலகம் வியந்தது.

அம்மருந்தின் கதை அத்துடன் முடியவில்லை. அதை உட்கொண்டோரில் சிலர் காரணமின்றி ஆழ்ந்த சோர்வில் மூழ்கினர். ஏன் என்று ஆராய்ந்தவர்கள், ரெசெர்பின் மூளையில் உள்ள சில வேதிப்பொருள்களின் அளவைக் குறைப்பதைக் கண்டனர். மனச்சோர்வுக்கும் மூளையின் வேதியியலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்னும் கருத்து வலுப்பெற அது ஒரு காரணம். வேர் ஒன்றே, நாட்டு வைத்தியருக்கு அது மருந்து, ஆய்வாளருக்குக் கேள்வி.

மௌனமான கவிஞர்

1940இல் போஸ், கொல்கத்தாவின் கிழக்கே தில்ஜலாவில் ஒரு மனநல மருத்துவமனையைத் தொடங்கினார். அதற்கான நிலத்தை அளித்தவர் அவருடைய உடன்பிறந்தாரான ராஜசேகர் போஸ். 'பரசுராம்' என்னும் பெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்கத்தைச் சிரிக்க வைத்தவர் அவர். புதிய இடத்திற்குப் புத்தர் பிறந்த ஊரின் பெயரைச் சூட்டி 'லும்பினி பார்க்' என்று அழைத்தனர். சிறைச்சாலையை நினைவூட்டும் பழைய பெயர்களிலிருந்து விலகுவதற்கு இதைவிட அழகிய பெயர் கிடைத்திராது.

அங்கு வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர் காசி நஸ்ருல் இஸ்லாம். 1922இல் வெளியான 'வித்ரோகி' என்னும் கவிதையால் 'கலகக் கவிஞர்' எனப் பெயர் பெற்றவர். ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுதிச் சிறை சென்றவர். ஆயிரக்கணக்கான பாடல்களை இயற்றி இசையமைத்தவர். 1942 சூலையில் அவருடைய நா தடுமாறத் தொடங்கியது. சொற்கள் குழறின, நினைவு தப்பியது, நடத்தை மாறியது. அப்போது அவருக்கு வயது 43.

அவர் வாழ்வில் துயரங்களுக்குக் குறைவில்லை. சிறு மகன் புல்புல் 1930இல் இறந்திருந்தான். மனைவி பிரமீளா 1939 முதல் நடக்க இயலாமல் படுக்கையில் இருந்தார். வறுமையும் சூழ்ந்திருந்தது. ஆகவே காரணத்தைத் தேடியவர்கள் அத்துயரங்களில் தேடியது இயல்பே. லும்பினி பார்க்கில் சில மாதங்கள் மருத்துவம் நடந்தது, பயன் இல்லை. பின்னர் பத்து ஆண்டுகள் அவர் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தார்.

1952இல் அன்பர்கள் ஒன்றுகூடிப் பொருள் திரட்டி, அவரை ராஞ்சி மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினர். வங்கத்தில் 'ராஞ்சிக்கு அனுப்ப வேண்டியவன்' என்பது ஒரு கேலி. சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்பது எவ்வாறு கேலியாயிற்றோ அவ்வாறே. நோயைக் குணப்படுத்த எழுந்த இரு மருத்துவமனைகளும் தம் ஊர்ப் பெயர்களை வசைச் சொற்களாக்கிவிட்டன. அது அவற்றின் குற்றமன்று. எனினும் அந்த வசைக்கு அஞ்சி மருத்துவரிடம் போகாமல் இருந்தவர்கள் இரு மாநிலங்களிலும் பலர்.

ராஞ்சியிலும் முன்னேற்றம் இல்லை. 1953இல் கவிஞரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றனர். அங்கு மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது அதன் முன்பகுதி சுருங்கியிருப்பது தெரிந்தது. அறுவை மருத்துவம் செய்யலாமா, கூடாதா என்பதில் மருத்துவர்கள் தம்முள் மாறுபட்டனர். பின்னர் வியன்னாவில் ஹான்ஸ் ஹாஃப் என்னும் மருத்துவர் ஆராய்ந்து, இது 'பிக் நோய்' என்று கூறினார். மூளையின் முன்பகுதியும் பக்கப் பகுதியும் மெல்ல மெல்ல அழியும் அரிய நோய் அது. பேச்சும் நடத்தையும் அதனால் மாறும். அதற்கு அன்றும் மருந்தில்லை. இன்றும் முற்றும் குணமாக்கும் மருந்தில்லை. 1953 டிசம்பரில் கவிஞர் கொல்கத்தாவுக்குத் திரும்பினார்.

பதினொரு ஆண்டுகளில் ஒரே மனிதரின் நோய் மனத்திலிருந்து மூளைக்கு இடம்பெயர்ந்தது. நோய் மாறவில்லை, அதைக் காணும் கருவியும் அதற்கு வைத்த பெயருமே மாறின. இதனால் 1942இன் மருத்துவர்களைக் குறைகூற இயலாது. அன்று மூளையின் உள்ளே காண்பதற்கான வழிகள் மிகக் குறைவு. பெயர் தெரிந்ததால் கவிஞருக்கு நலம் கிடைக்கவும் இல்லை. எனினும் அவருடைய குடும்பத்திற்கு ஒன்று தெளிவாயிற்று. இது அவருடைய வாழ்க்கைக்குக் கிடைத்த தண்டனையும் அன்று, மன உறுதியின் குறையும் அன்று. முடங்கிய நிலையிலிருந்த பிரமீளா 1962இல் தாம் இறக்கும்வரை கணவருடன் இருந்தார். 1972இல் நஸ்ருல் டாக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். 1976 ஆகஸ்டு 29 அன்று அங்கே மறைந்தார். 34 ஆண்டுகள் அவர் எதுவும் எழுதவில்லை. அந்த ஆண்டுகளிலும் அவருடைய பாடல்களை இரு வங்கங்களிலும் பாடிக்கொண்டே இருந்தனர்.

சங்கிலியும் சட்டமும்

கவிஞருக்குப் பொருள் திரட்ட அன்பர்கள் இருந்தனர். அது எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி என்னும் ஊர் உண்டு. அங்குள்ள தர்காவில் நலம் பெறலாம் என்னும் நம்பிக்கையில் குடும்பங்கள் தம் நோயரை அழைத்துவருவது நெடுநாள் வழக்கம். அவ்வூரில் இயங்கிய தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் 2001 ஆகஸ்டு 6 அன்று அதிகாலையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் இறந்தனர். இதன்பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவரைக் காணவும் வழி செய்யப்பட்டது. இறைவனை வேண்டுவதை நிறுத்தாமலே மருந்தும் பெறலாம் என்பது மக்களுக்கு எளிதாகப் புரிந்தது. பல ஆண்டு அறிவுரையால் நடவாத ஒன்று இது.

2017இல் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயரைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. அதன் மூன்றாம் பிரிவு இன்னும் சிறப்பாகப் படிக்கத்தக்கது. ஒருவருக்கு மனநோய் உண்டா என்பதை ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ நெறிகளின்படியே முடிவுசெய்ய வேண்டும். அவருடைய சாதி, சமயம், பொருள்நிலை, அரசியல் கருத்து ஆகியவற்றையோ, ஊர் வழக்கத்திற்கு அவர் ஒத்து நடக்கவில்லை என்பதையோ காரணமாகக் கொள்ளக்கூடாது. 1858இன் சட்டத்தையும் இதையும் அருகருகே வைத்தால் இடையில் நிகழ்ந்தது விளங்கும். முன்னது ஊரை நோயரிடமிருந்து காக்க முயன்றது. பின்னது நோயரை ஊரின் அவசரத் தீர்ப்பிலிருந்து காக்க முயல்கிறது.

சட்டம் எழுதியவுடன் வீட்டுக் கதவுகள் திறந்துவிடுவதில்லை. நலம் பெற்ற பின்னும் அழைத்துச் செல்ல ஒருவரும் வராததால் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டவர்கள் கொல்கத்தாவில் உள்ளனர். கோப்ராவில் உள்ள பாவ்லோவ் மருத்துவமனையில், அத்தகையோர் வேலை செய்து ஊதியம் பெறும் சலவைக்கூடம் ஒன்றை 'அஞ்சலி' என்னும் அமைப்பு தொடங்கியது. மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் வேலை அது. முன்பு அந்த விரிப்புகளின் மேல் படுத்திருந்தவர்களே இப்போது அவற்றை வெளுத்து மடித்து அடுக்குகின்றனர்.

2007இல் தொடங்கிய 'ஈசுவர் சங்கல்பா' என்னும் அமைப்பு நடைபாதையில் வாழும் மனநோயரைத் தேடிச் செல்கிறது. அவர்களை உடனே எங்கும் கொண்டுபோவதில்லை. அருகில் தேநீர்க் கடை வைத்திருப்பவரிடமோ, சோற்றுக் கடைக்காரரிடமோ பேசுகிறது. இவர் பல ஆண்டுகளாக உங்கள் கடையோரம்தானே இருக்கிறார், நாள்தோறும் ஏதேனும் உண்ணத் தருகிறீர்கள் அல்லவா, அதனுடன் இந்த மாத்திரையையும் தர முடியுமா என்று கேட்கிறது. மருத்துவர் நடைபாதைக்கே வந்து பார்க்கிறார். கடைக்காரர் மண் குவளையில் தேநீரை ஊற்றி, ஒரு ரொட்டியுடன் அந்த மாத்திரையை நீட்டுகிறார். முன்பு அவரைப் 'பாகல்' என்று கூப்பிட்ட அதே கடைக்காரர், இப்போது அவருடைய ஊரையும் பெயரையும் கேட்டு அறிந்துவைத்திருக்கிறார்.

அருஞ்சொற்பொருள்

பிணி – நோய்; அழல் – பித்தம்; ஐயம் – கபம், சந்தேகம்; புரவலர் – ஆதரித்துக் காப்பவர்; படிவம் – நிரப்புவதற்கான தாள்; வெளுத்தல் – துணி துவைத்தல்; வசை – பழிச்சொல்; இகழ்ச்சி – அவமதிப்பு.

பயிற்சி

1. 'பித்து' என்னும் சொல் மருத்துவத்திலும் பக்தியிலும் தெருவிலும் எவ்வாறு வெவ்வேறு பொருள் பெறுகிறது?

2. கஞ்சா பற்றிய புள்ளிவிவரம் தவறாக உருவானது எப்படி? அத்தவறு எவ்வாறு கண்டறியப்பட்டது?

3. நஸ்ருலின் நோய்க்கு 1942இலும் 1953இலும் கூறப்பட்ட காரணங்கள் ஏன் வேறுபட்டன? ஒரு பத்தியில் எழுதுக.

4. உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் மனநிலையைக் குறிக்க வழங்கும் தமிழ், வங்க, இந்திச் சொற்களைத் திரட்டுக. எது அன்பில் வருகிறது, எது சினத்தில் வருகிறது என்று பெரியோரிடம் கேட்டுக் குறித்துவருக.